மூப்படையும் இலைக்கு ஓர் ஆக்சிஜன் மின்முனை: நான்காண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் தாவர உடலியல் ஆய்வகத்தில் மூப்படையும் இலைகளின் சுவாசத்தை அளப்பதற்காக வாங்கிய கிளார்க் வகை ஆக்சிஜன் மின்முனைத் தொகுதியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வட்டு வடிவ மின்முனை, நீருறை சூழ்ந்த அளவைக் கலம், காந்தக் கலக்கி, இலைத் துண்டை நீரில் இடாமலே வைத்து அளக்கும் தனிக் கலம், கணினியோடு இணையும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இத்தொகுதியில் அடங்கும். இதை வாங்கலாமா என்று கேட்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. செல்லின் சுவாசம் நடக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி இக்கருவி சொல்லும் செய்தி அருமையானது; ஆனால் அதைச் சொல்ல வைப்பதற்கு நாம் படவேண்டிய பாடும் சிறிதன்று.

இதற்கு முன்னர் எங்களிடம் இருந்தது கையடக்கப் பச்சைய அளவி மட்டுமே. 650 நானோமீட்டர் செவ்வொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியும் இலையின் ஊடே எவ்வளவு கடந்து வருகின்றன என்பதை ஒப்பிட்டு, பச்சையத்தின் அளவை அது ஓர் எண்ணாகக் காட்டும். இலையைக் கிள்ள வேண்டியதில்லை, சில நொடிகளில் வேலை முடிந்துவிடும் என்பதால் அதன் மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அது பசுங்கணிகத்தின் நிலையை மட்டுமே அறியும். பசுங்கணிகமோ, மூப்பு தொடங்கியதும் முதலில் கலைக்கப்படும் நுண்ணுறுப்பு. எண் பாதியாகக் குறைந்த இலையைப் ‘பாதி இறந்த இலை’ என்று குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் எங்களிடம் இருந்தது. மின்முனை வந்த முதல் வாரத்திலேயே அவ்வழக்கம் ஒழிந்தது. எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு பார்லி இலையின் துண்டுகளைக் கலத்தில் இட்டபோது, திரையில் ஆக்சிஜன் கோடு தளராத சரிவோடு இறங்கிக்கொண்டிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தைத் தடுக்கும் பொட்டாசியம் சயனைடைச் சிறிதளவு சேர்த்ததும் அச்சரிவு பெருமளவு தட்டையாயிற்று. பச்சைய அளவி கைவிட்டுவிட்ட இலைக்குள் மைட்டோகாண்ட்ரியா வேலையில் இருந்தன.

இது ஏன் வியப்புக்குரியதன்று என்பதை விளக்கினால்தான் கருவியின் அருமை புரியும். ஓர் இலையின் நைட்ரஜனில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு பசுங்கணிகங்களில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி, கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோ போன்ற ஒளிச்சேர்க்கைப் புரதங்களாக இருக்கிறது. மூப்பு என்பது அந்தச் சேமிப்பைக் கலைத்து, அமினோ அமிலங்களாக்கி, விதைக்கோ இளந்தளிருக்கோ தண்டுக்கோ அனுப்பிவைக்கும் ஒழுங்கான வேலை. புரதத்தை உடைப்பதற்கும், உடைத்ததை வேறு வடிவில் கட்டுவதற்கும், கட்டியதை உணவு கடத்தும் திசுவான ஃபுளோயத்தில் ஏற்றுவதற்கும் ஆற்றல் தேவைப்படுகிறது. ஒளிச்சேர்க்கை குன்றிவிட்ட இலையில் அந்த ஆற்றலை மைட்டோகாண்ட்ரியாதான் தரவேண்டும். ஆகவே செல்லின் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் கடைசிவரை கட்டுக்குலையாமல் காக்கப்படுகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது விளக்கை இறுதியில் அணைப்பது போன்றது இது. இலையும் அவ்வாறே கணக்காக நடந்துகொள்கிறது.

கருவியைச் சோதிக்க நான் தேர்ந்தெடுத்ததும் இக்கருத்தைத் தெளிவாக்கிய ஒரு சோதனையைத்தான். ஆய்வகங்களில் மாதிரித் தாவரமாக வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் செடியில் ஒரே ஓர் இலையை மட்டும் மூடி இருளில் வைத்து மற்ற இலைகளை வெளிச்சத்தில் விட்டால், மூடிய இலை சில நாட்களிலேயே மஞ்சளாகிவிடும். முழுச் செடியையும் இருளில் வைத்தாலோ, இலைகள் அதைவிட நெடுநாள் பச்சையாக நிற்கும். 2007இல் வெளியான ஆய்வொன்று இவ்விரு நிலைகளிலும் மைட்டோகாண்ட்ரியாவின் போக்கு வேறுபடுவதைக் காட்டியது. தனியாக மூடப்பட்ட இலையில் பசுங்கணிகங்கள் சிதைய மைட்டோகாண்ட்ரியா ஊக்கத்தோடு இயங்குகின்றன. முழுச் செடியும் இருளில் இருக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவின் செயல் விரைவில் தணிந்து, ஒளி திரும்பும்வரை காத்திருப்பதைப் போன்ற நிலைக்கு இலை செல்கிறது. எங்கள் மின்முனையில் இந்த வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. பச்சையம் இழந்த இலை மிகுதியாகவும் பச்சையம் காத்த இலை குறைவாகவும் சுவாசிப்பதை அடுத்தடுத்த இரண்டு கோடுகளாகத் திரையில் பார்த்த நாளில், இக்கருவியை வாங்கியது தவறில்லை என்று தோன்றியது.

இனி கருவியைப் பார்ப்போம். 1956இல் லீலண்ட் கிளார்க் வெளியிட்ட வடிவமைப்பு இது. இரத்தத்தின் ஆக்சிஜனை அளப்பதற்காகத் தோன்றியது, பின்னர் தாவர ஆய்வகங்களுக்கும் வந்து சேர்ந்தது. நடுவில் பிளாட்டினம் எதிர்மின்வாய், அதைச் சுற்றி வெள்ளி நேர்மின்வாய், இரண்டையும் இணைக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல், மேலே ஆக்சிஜனை மட்டும் எளிதில் விடும் மெல்லிய டெஃப்லான் சவ்வு என்பதே அமைப்பு. 0.6 முதல் 0.7 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் பிளாட்டினத்தை வந்தடையும் ஆக்சிஜன் ஒடுக்கமடைகிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் ஆக்சிஜனின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இத்தனை ஆண்டுகளாக இவ்வடிவமைப்பு பெரிதும் மாறாததற்குக் காரணம் அதன் எளிமைதான். ஆனால் மின்முனை ஆக்சிஜனை அளக்கும்போதே அதில் சிறிதளவைத் தின்றும் விடுகிறது. எனவே கலக்கி நின்றால் சவ்வையொட்டிய நீரில் ஆக்சிஜன் குறைந்து, இலை சுவாசிக்காதபோதும் சுவாசிப்பதாகக் கோடு பொய் சொல்லும். புதிதாக வருவோர் செய்யும் முதல் பிழை பெரும்பாலும் இதுவே.

சவ்வு மாற்றுவது இக்கருவியின் பெருந்தொல்லை. பிளாட்டினத்தின் மேல் ஒரு சொட்டுக் கரைசல், அதன்மேல் கரைசலைத் தாங்கி நிற்க ஒரு துண்டு மெல்லிய தாள், அதன்மேல் சுருக்கமோ காற்றுக் குமிழோ இல்லாமல் சவ்வு, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் என்ற வரிசையில் இதைச் செய்யவேண்டும். முதல் மாதத்தில் நான் மாற்றிய சவ்வுகளில் பெரும்பாலானவை வீணாயின. இப்போது கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன், ஆனால் ஒவ்வொரு புதிய மாணவரும் அதே மாதத்தைத் திரும்பவும் கடக்கவேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் வட்டைக் கழுவித் துடைக்காமல் விட்டால் பொட்டாசியம் குளோரைடு படிகமாகி மின்வாயைச் சுற்றியுள்ள இணைப்புகளுக்குள் புகுந்துவிடும். எங்கள் முதல் வட்டு அப்படித்தான் கெட்டது. அந்தப் பிழை எங்களுடையது. ஆனால் மாற்று வட்டுக்காக விற்பனையாளரிடம் எழுதியபோது விடை வரவே பல வாரங்கள் ஆயின, வந்த விடையும் எங்களிடம் இல்லாத வேறொரு மாதிரியைப் பற்றியதாக இருந்தது. கருவிக்கு நல்ல மதிப்பெண் இடும் நான், விற்பனைக்குப் பின்னான சேவைக்கு அதை இடமாட்டேன்.

அளவுதிருத்தம் எளிது, ஆயினும் அலட்சியம் கூடாது. 25 பாகை செல்சியசில் காற்றோடு சமநிலையடைந்த தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 பாகையில் அது 9.1 ஆகும், 30 பாகையில் 7.5 அளவுக்கு இறங்கும். நீருறையின் வெப்பநிலை அலைந்தால், மேல்வரம்பாக நாம் வைத்துக்கொண்ட எண்ணே அலைகிறது. அதோடு, வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இலையின் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பாகை வேறுபாட்டை இரு வேறு வயது இலைகளின் வேறுபாடு என்று எழுதிவிடும் ஆபத்து புரியும். சுழியைக் குறிக்க, நீரிலுள்ள ஆக்சிஜனை நீக்கிவிடும் சோடியம் டைதயோனைட்டு பயன்படுகிறது. அது கலத்தின் இடுக்குகளில் எஞ்சினால் அடுத்து வரும் இலைத் துண்டின் கணக்கில் தன் பசியையும் சேர்த்துவிடும் என்பதால், ஒருமுறைக்குப் பலமுறை கழுவவேண்டும்.

இலையைக் கலத்தில் இடும் முறையைப் பற்றிக் கையேட்டில் அரைப் பக்கம்கூட இல்லை. உண்மையில் பிழையின் பெரும்பகுதி அங்குதான் நுழைகிறது. இலையை நறுக்கியவுடன் காயத்தால் சுவாசம் மாறுகிறது. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த இலையும் சிறிது நேரத்துக்கு வழக்கத்தைவிட மிகுதியாகச் சுவாசிக்கிறது. ஆகவே அரைமணி நேரமாவது இருளில் காத்திருந்த பின்னரே நான் எண்ணைக் குறிக்கிறேன். செடியிலிருந்து பறித்து வைத்த இலையில் மூப்பைத் தூண்டி அளப்பது வசதியானது, ஆனால் அவ்விலைக்குத் தன் நைட்ரஜனை அனுப்ப வேறிடமில்லை. செடியில் இருந்தபடியே முதிரும் இலையின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ள வேலை அதற்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதப்படும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

நீரில்லாக் கலத்தைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. இலைத் துண்டை அதன் இயல்பான காற்றிலேயே அளக்கலாம், பரவல் தடை இல்லை என்பது அதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஒளிச்சேர்க்கைக்கு அது பொருந்தும். ஆனால் காற்றில் உள்ள ஆக்சிஜன், அதே கனஅளவு நீரில் கரைந்துள்ளதைப்போல் முப்பது மடங்குக்கும் மேற்பட்டது. அவ்வளவு பெரிய இருப்பிலிருந்து ஒரு மஞ்சள் இலை எடுத்துக்கொள்ளும் சிறு அளவைப் பிரித்தறிவது, நிறைந்த ஏரியில் ஒரு குடம் நீர் குறைந்ததைக் கரையில் நின்று அளப்பதற்கு ஒப்பாகும். முதிர்ந்த இலைகளுக்கு நீர்க் கலத்தையும் மெல்லிய நறுக்குகளையும் பயன்படுத்துவதே நல்லது என்பது என் முடிவு.

மாற்று ஆக்சிடேஸைப் பற்றி விளம்பரத் தாள் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது. விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவைப்போல் அல்லாமல், தாவர மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சென்றடைய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, புரோட்டான்களை வெளித்தள்ளி ஆற்றலைச் சேமிக்கும் சைட்டோகுரோம் வழி. சயனைடு இதை அடைக்கும். மற்றொன்று, உட்சவ்வில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறான யூபிகுவினோனிலிருந்து அவற்றை நேரே ஆக்சிஜனுக்குக் கொடுத்து ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும் மாற்று ஆக்சிடேஸ். சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் இதை அடைக்கும். ஆற்றலை வீணாக்குவதைப்போல் தோன்றினாலும், எலக்ட்ரான்களைக் கைமாற்றும் சங்கிலி நெரிசலாகும்போது அவை வழிதவறி, செல்லுக்குக் கேடு செய்யும் சூப்பர் ஆக்சைடை உண்டாக்காமல் காக்கும் வடிகால் அது. வளர்சிதை மாற்றம் தலைகீழாகும் முதுமையில் அத்தகைய வடிகாலின் தேவை எளிதில் புரிகிறது. இரு தடுப்பான்களையும் மாறிமாறிச் சேர்த்தால் எந்த வழியில் எவ்வளவு ஓடுகிறது என்று கருவியே கணக்கிட்டுக் கொடுக்கும் என்கிறது விளம்பரம். அது சரியன்று. ஒரு வழியை அடைத்தால் எலக்ட்ரான்கள் மற்ற வழிக்குத் திரும்பிவிடக் கூடும் என்பதால், இம்முறை காட்டுவது அவ்வழியின் கொள்திறனையே, இயல்பு நிலையில் அதன் வழியே ஓடும் அளவையன்று. ஓட்டத்தை அறிய, கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பை இரு ஆக்சிடேஸ்களும் வெவ்வேறு அளவில் ஒதுக்குவதைக் கொண்டு அளக்கும் முறை வேண்டும்; அது இக்கருவியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் பெராக்சிடேஸ் நொதிகளையும் தொடும் என்பதை மறந்தால் கணக்கு மேலும் கோணலாகும். நடுநிலைக் கரைசலில் சயனைடின் பெரும்பகுதி ஆவியாகும் ஹைட்ரஜன் சயனைடாக இருப்பதால், அளவு கலத்திலிருந்து நழுவுவதோடு, அளப்பவரின் மூச்சுக்கும் அது கேடு. இந்த எச்சரிக்கையைக் கையேட்டில் நான் காணவில்லை. இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இக்கருவியின் தலைசிறந்த பயன், பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில்தான் வெளிப்படுகிறது. குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் இலைகளை அரைத்து, மையவிலக்கில் சுற்றி, அடர்த்தியால் பிரிக்க உதவும் பெர்கால் கரைசலின் அடுக்கில் பசுங்கணிகச் சிதைவுகளை நீக்கினால் வெளிர்நிறப் படலமாக அவை கிடைக்கும். அடி மூலக்கூறு (எரிபொருளாகும் பொருள்) கொடுத்து, அடினோசின் டைபாஸ்பேட்டைச் சேர்த்தவுடன் கோடு செங்குத்தாகச் சரியும். அது ஆற்றலைச் சேமிக்கும் டிரைபாஸ்பேட்டாக மாறித் தீர்ந்ததும் சரிவு தணியும். (இவ்விரண்டையும் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதினால் ஒன்றாகிவிடும் என்பதால் முழுப்பெயரையே எழுதுகிறேன்.) 1955இல் சான்சும் வில்லியம்சும் எண்ணிட்டுப் பெயரிட்ட மூன்றாம், நான்காம் நிலைகள் இவை, இரண்டுக்கும் இடையிலான விகிதம் உயர்வாக இருந்தால் உட்சவ்வு நலமாக இருக்கிறது என்று பொருள். முதிர்ந்த இலையிலிருந்து எடுத்தவற்றிலும் இந்த வளைவு தெளிவாகக் கிடைப்பதைப் பார்த்த பிறகு, மூப்பைச் சிதைவு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மின்முனையின் மறுவினை வேகம் இங்கே குறிப்பிடத்தக்கது. திருப்பம் மழுங்காமல் பதிவாகிறது.

அடி மூலக்கூறைக் கிளைசினாக மாற்றிப் பார்த்தால் இலையின் வயதே எழுந்து பேசும். ரூபிஸ்கோ கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும் பிழையைச் சரிசெய்யும் ஒளிச்சுவாசத்தில், இரண்டு கிளைசின்களைச் சேர்த்து ஒரு செரைனாக்கும் படி மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. அப்போது கரியமில வாயுவும் அமோனியாவும் வெளியாகின்றன. பச்சை இலையின் மைட்டோகாண்ட்ரியாவில் இந்நொதித் தொகுதி அளவில் மிகப் பெரியது. பட்டாணி இலையில், மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியான மேட்ரிக்ஸில் கரையும் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. பசுங்கணிகம் கலைந்தால் இதற்கு வேலையில்லை; ஆகவே முதிரும் இலையில் கிளைசினுக்கான மறுவினை தளர்கிறது. அதே வேளையில் குளுட்டமேட்டை உடைத்து அமோனியாவை விடுவிக்கும் குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸ் போன்றவை முன்னுக்கு வருகின்றன. விடுபட்ட அமோனியா சைட்டோபிளாசத்தில் குளுட்டமின் ஆக்கப்பட்டு ஏற்றுமதிக்குச் செல்கிறது. சர்க்கரை தட்டுப்படும் நிலையில் லியூசின், ஐசோலியூசின், வாலின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களும் எரிபொருளாகின்றன. அவற்றின் எலக்ட்ரான்கள் சங்கிலியின் வழக்கமான நுழைவாயிலான முதலாம் கூட்டமைப்பைத் தொடாமல், எலக்ட்ரான் கடத்தும் ஃபிளேவோபுரதம் வழியாக யூபிகுவினோனை அடைகின்றன. இவ்வழியை இழந்த அராபிடாப்சிஸ் திடீர்மாற்றச் செடிகள் நீண்ட இருளில் விரைவாக மூப்படைந்து மடிகின்றன.

இந்த எரிபொருள் மாற்றத்தை மின்முனை தனியே காட்டாது என்பது அதன் மிகப் பெரிய குறை. ஆக்சிஜன் எவ்வளவு போயிற்று என்பது தெரியும், எதை எரிக்கப் போயிற்று என்பது தெரியாது. கரியமில வாயுவை அளக்கும் அகச்சிவப்பு வாயுப் பகுப்பானை அருகில் வைத்தால், வெளிவிட்ட கரியமில வாயுவுக்கும் உட்கொண்ட ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதமான சுவாச ஈவு கிடைக்கும்: மாவுப்பொருள் எரியும்போது 1, கொழுப்பு எரியும்போது ஏறத்தாழ 0.7, புரதத்துக்கு 0.8 அளவு. பகுப்பானைக் கடனாகப் பெற்று ஒரு பருவம் முழுவதும் இவ்வாறு அளந்தோம். இலை மஞ்சளாகும் போக்கில் ஈவு 1இலிருந்து கீழிறங்குவதைக் காண முடிந்தது. ஒரு கருவி மட்டுமே வாங்க முடியும் என்பவர்களுக்கு, பச்சை இலைகளைப் பற்றிய ஆய்வென்றால் பகுப்பானையும், மூப்பைப் பற்றிய ஆய்வென்றால் மின்முனையையும் பரிந்துரைப்பேன்.

வெளிச்சத்தில் நடக்கும் மைட்டோகாண்ட்ரியச் சுவாசத்தையும் இது பிரித்துக் காட்டாது. ஒளிச்சேர்க்கை வெளியிடும் ஆக்சிஜன் அதை மறைத்துவிடும். மூப்பின்போது மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கையில் குறைந்து, உருண்டையாகப் பருப்பதைக் காண நுண்ணோக்கிதான் வேண்டும்.

போட்டியாக இப்போது வரும் ஒளியியல் உணரிகளையும் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். ஆக்சிஜன் பட்டால் ஒளிர்வு மங்கும் சாயப் புள்ளியைக் கொண்டு அவை அளக்கின்றன. ஆக்சிஜனைத் தின்பதில்லை, சவ்வும் கரைசலும் இல்லை, பல மாதிரிகளை ஒரே நேரத்தில் அளக்கலாம். ஓர் இலையின் முப்பது நாள் வாழ்வை நாள்தோறும் பின்தொடர்பவருக்கு அவையே ஏற்றவை. நான் பார்த்த உணரி சற்று மந்தமாக மறுவினை புரிந்ததால், அடினோசின் டைபாஸ்பேட்டைச் சேர்க்கும் கணத்தின் கூர்மையான திருப்பம் அதில் மழுங்கிப் பதிந்தது. மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து ஆராய எண்ணுபவர் பழைய மின்முனையையே வாங்கலாம்.

வாங்குவோர் முதல் நாளே கூடுதலாக ஒரு வட்டையும் இரண்டு பெட்டிச் சவ்வுகளையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். நீரில்லாக் கலத்தையும், தானே பகுத்துத் தரும் கூடுதல் மென்பொருளையும் தவிர்த்துவிடலாம். மூலத் தரவை எளிய அட்டவணையாக ஏற்றுமதி செய்யும் வசதி அடிப்படை மென்பொருளிலேயே இருக்கிறது, சரிவைக் கணக்கிட அதுவே போதும்.